மதுரையைச் சுற்றி மலைச்சாலைகளில் சைக்கிள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக சைக்கிள் வாங்கிய மதுரைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கொடைக்கானல் ஏறிரலாமா?" ஏறலாம், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது. ஊரைச் சுற்றியே யானைமலை, நாகமலை, சமணர் மலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் என்று இத்தனை மலைகள் நிற்கின்றன. முதலில் இவற்றைச் சுற்றி ஓட்டுங்கள். அடுத்து சின்னதாக ஒரு மலை ஏறுங்கள். அப்புறம் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை. இந்த வரிசையில் போனால் காலும் மூச்சும் தானாகப் பழகிவிடும். முதல் வாரமே மலைப்பாதையில் போய் மாட்டிக்கொண்டு சைக்கிளை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம்மூர் மலைகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் ஓட்டுவதற்கே உதவும். இவை எரிமலைக் குழம்பு உறைந்து உருவானவை இல்லை. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய நைஸ், சார்னோக்கைட் போன்ற பாறைகள். மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போக, கெட்டியான பகுதி மட்டும் மொட்டைப் பாறையாக மிஞ்சி நிற்கிறது. அதனால்தான் யானைமலை வயல்வெளிக்கு நடுவே திடுதிப்பென்று எழுகிறது. அடிவாரம் வரை சாலை ஏறக்குறைய மட்டமாகவே இருக்கும் என்பதால் மலையை ஒட்டியே ஓட்டினாலும் கால் நோகாது. ஆனால் அந்த மொட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்து, பொழுது சாய்ந்த பிறகும் அனலாக விடும். பாறையில் வழியும் மழைநீரைத் தேக்க நம் முன்னோர்கள் அடிவாரங்களில் கண்மாய் வெட்டி வைத்தார்கள். கண்மாய்க் கரை, கரையில் ஒரு ஆலமரமோ புளியமரமோ, பக்கத்தில் ஒரு அய்யனார் கோவில். நீங்கள் இறங்கி இளைப்பாற வேண்டிய இடம் இதுதான்.

முதலில் நேரத்தைப் பழகுங்கள்

மதுரையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மேட்டை விட வெயில்தான் பெரிய சோதனை. ஏறமுடியாத மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பதினொரு மணி வெயிலில் மேலூர்ப் பக்கம் மொட்டைச் சாலையில் மாட்டினால் தள்ளக்கூடத் தெம்பு இருக்காது. ஆகவே முதல் பாடம் விடியலில் எழுவது. ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிவிடுங்கள். மார்கழி, தை, மாசியில் பத்து மணி வரை ஓட்டலாம். பங்குனி தொடங்கி ஆனி வரை எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் நீண்ட பயணமே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். மழை விட்ட மறுநாள் காலை ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். மலை அடிவாரம் முழுக்கப் பச்சை, கண்மாயில் தண்ணீர், கொக்கு, நாரை எல்லாம் இருக்கும். சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் சைக்கிளை விடாதீர்கள். அடியில் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் என்று தெரியாது.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தேனிப் பக்கம் ஓட்டியவர்களுக்கு நன்றாகவே புரியும். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து மலை இடைவெளிகளின் வழியாகக் காற்று பாய்ந்து வரும். அந்த மாதங்களில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக மேற்கே போவது எதிர்காற்றில் போராட்டம்தான். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் போகும்போது முழுப் பலத்தையும் செலவழித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எதிர்காற்றில் வற்றிய உடம்பு திரும்பும் வழியில்தான் தன் கணக்கைக் கேட்கும்.

திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அழகர் ஊருக்குள் எழுந்தருளும் நாட்களில் அழகர்கோவில் சாலை முழுக்க மக்கள்தான். தைப் பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் ஜல்லிக்கட்டுக் கூட்டம் இருக்கும். அன்றைக்கு வேறு திசையில் போங்கள்.

வண்டியும் முள்ளும்

மலையைச் சுற்றி ஓட்ட, வீட்டில் இருக்கும் கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும். மலை ஏற கியர் வேண்டும். வாங்கும்போது நிறத்தையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன் பல் சக்கரங்களைப் பாருங்கள். முன்பக்கம் உள்ள சிறிய சக்கரத்தில் 28 அல்லது 30 பல், பின்பக்கம் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் சிறுமலை வளைவுகளை உட்கார்ந்தபடியே மிதித்து ஏறலாம். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் நம் கிராமச் சாலைக்குச் சரிவராது. 32 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் நல்லது. தடித்த மலைவண்டி டயர் பஞ்சர் குறைவாக ஆகும் என்றாலும் தார்ச்சாலையில் இழுவையாக இருக்கும்.

சீட் உயரத்தைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்ந்த சீட்டில் மேடு ஏறினால் இரண்டே வாரத்தில் முழங்கால் வலிக்க ஆரம்பிக்கும். புதியவர்களின் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் சீட்டைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துச் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். விறகு வெட்டி ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து முள் சாலையில் சிந்திக் கிடக்கும். அந்த முள் ஆணி மாதிரி நேராக இறங்கும். பாதி உடைந்து டயருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே கருப்புப் புள்ளி மாதிரி மட்டும் தெரியும். ஒத்தக்கடைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, ட்யூப ஒட்டுறது பெரிசில்ல. முள்ளப் புடுங்காம மாட்டுனா பத்து நிமிசத்துல மறுபடி காத்து இறங்கிரும்." அவர் செய்யும் முறை இது. ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடிப்பார். வால்விலிருந்து அது எத்தனை விரற்கடை தூரம் என்று அளந்து, அதே இடத்தை டயரில் தேடுவார். ஒரு பழைய பனியன் துணியை டயரின் உட்பக்கமாகச் சுற்றித் துடைத்துக்கொண்டே வருவார். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டி நிற்கும். பிறகு ஊசி முனையால் வெளியே தள்ளி எடுப்பார். விரலால் தடவினால் விரலைக் கிழித்துவிடும், துணிதான் பாதுகாப்பு. இதை வீட்டிலேயே இரண்டு முறை செய்து பாருங்கள். கிராமத்தில் காலை ஆறு மணிக்கு எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் நெம்பி, கைப்பம்ப், ஆலன் சாவிகள், பழைய துணி, சில்லறைக் காசு. முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். ஐந்து மணி இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது. ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

நான்கு வழிச்சாலையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாத இடத்தில் சர்வீஸ் சாலையில் போங்கள். நத்தம் சாலையில் தல்லாகுளம் பக்கத்திலிருந்து ஊமச்சிகுளம் நோக்கிப் போகும் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023இல் திறக்கப்பட்டது. அதில் வாகனங்கள் வேகமாகப் போகும். சைக்கிளுக்குக் கீழ்ச்சாலைதான் சரி.

கிராமச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்து, எள் செடிகளைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. அதன் மேல் ஓட்டினால் டயர் வழுக்கும். அதைவிட மோசம், கொடி பின் சக்கரத்தில் சுற்றிக் கியரைப் பிடித்து இழுத்து ஒடித்துவிடும். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்களின் பல மாத உழைப்பு, மிதித்துச் சிதறடிக்கவும் கூடாது.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். சைக்கிளை நிறுத்தி இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், வெயில் ஏற ஏற இன்னும் கூடுதலாக. தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் சட்டைப்பையில் இருக்கட்டும். விடிகாலையில் டீக்கடை மட்டும் திறந்திருக்கும், ஆறரை ஏழுக்குத்தான் இட்லிக்கடை. திரும்பும் வழியில் கம்மங்கூழோ நீர்மோரோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முதல் சுற்று: நாகமலையும் சமணர் மலையும்

தேனி சாலையில் காளவாசல் தாண்டி நாகமலை புதுக்கோட்டை வரை போய், அங்கிருந்து கீழக்குயில்குடிக்குத் திரும்ப வேண்டும். ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். வலப்பக்கம் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடக்கும், பெயருக்கு ஏற்றபடி.

சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டுகள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகளின் பள்ளம் நிழலடித்துத் தெளிவாகத் தெரியும். உச்சிவேளையில் போனால் அதே எழுத்து கண்ணுக்கே அகப்படாது. சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகை. இதையும் பார்த்துவிட்டு எட்டரைக்குள் வீடு திரும்பலாம். கால் வலிக்காமல் இந்தச் சுற்றை முடிக்க முடிகிற வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டாவது: யானைமலை, அரிட்டாபட்டி, அழகர்கோவில்

இந்தச் சுற்றைத்தான் எல்லாருக்கும் மனமாரச் சொல்வேன். மொத்தம் 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோவில் இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770ஆம் ஆண்டில் குடைவித்தது. அங்கிருந்து மேலூர்ச் சாலையில் போய் இடப்பக்கம் பிரிந்தால் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், அவற்றின் இடுக்குகளில் சுனைகள், அடியில் கண்மாய்கள். பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவிலும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்து உள்ள சமணப் படுகையும், அதாவது சமணத் துறவிகளின் கல் படுக்கையும், ஒரே ஊரில். லகர் வல்லூறு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகள் இந்தப் பாறை முகடுகளில்தான் கூடு கட்டுகின்றன. பாறை உச்சியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். இங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மண்ணில் சைக்கிளில் போகிறோம் என்பதை மனதில் வைத்து, பாட்டிலையும் மிட்டாய்த் தாளையும் திரும்ப எடுத்து வாருங்கள். படுகைகள் மேல் பெயர் எழுதுவது, ஏறிப் படுப்பது எதுவும் கூடாது. பாறை இடுக்குகளில் பாம்பு இருக்கும், கையை விட வேண்டாம்.

மீனாட்சிபுரம் ஓவாமலையில்தான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள் இருக்கின்றன. நெடுஞ்செழியன் பெயர் வரும் அந்த எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவல் கண்டறிந்தார். மேலே ஏற நேரம் பிடிக்கும் என்பதால் அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

அரிட்டாபட்டியிலிருந்து வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி வழியாக அழகர்கோவில். மலையை இடமோ வலமோ விட்டு விலகாமல் ஓட்டலாம். லாரி குறைவு, நிழல் உண்டு. அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 21 கிலோமீட்டர்.

முதல் ஏற்றம்: பழமுதிர்சோலை

அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைச்சாலை சுமார் மூன்று கிலோமீட்டர்தான். கீழே வாசலில் சைக்கிளை விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். குரங்குகள் அதிகம், கேரியரில் பழப்பை தொங்கவிட வேண்டாம்.

ஏறும் முறை இதுதான். மேடு தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். உட்கார்ந்தபடி, கால் வேகமாகச் சுற்றும்படி மிதியுங்கள். நிமிடத்துக்கு 70 சுற்று இருந்தால் நல்லது. கூட வருபவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற அளவு மூச்சு இருக்க வேண்டும், பேச்சு திக்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் உள்வளைவு செங்குத்தாக இருக்கும், வெளிவட்டம் சாய்வு குறைவு. எதிரே வண்டி வரவில்லை என்று தெரிந்தால் மட்டும், உங்கள் பக்கத்தை விட்டு விலகாமல், கொஞ்சம் அகலமாக வளையுங்கள்.

இறங்கும்போதுதான் ஆபத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். வெளிப்பக்கக் கால் கீழே, கண் வளைவு முடியும் இடத்தில். பஸ் ஹாரன் கேட்டால் ஓரங்கட்டி நின்றுவிடுங்கள், மலையில் பஸ்ஸுக்கு வளைய முழுச் சாலையும் வேண்டும்.

சிறுமலை: மூன்று நாள் திட்டம்

பழமுதிர்சோலையை இறங்கித் தள்ளாமல் ஏற முடிந்தால் சிறுமலைக்குத் தயார். முதல் நாள் மதுரையிலிருந்து நத்தம், அங்கிருந்து திண்டுக்கல். நத்தம் வரை ஒருபக்கம் அழகர்மலைத் தொடரும் இன்னொரு பக்கம் தூரத்தில் சிறுமலையும் கூடவே வரும். அன்று மலையை ஏறாதீர்கள். திண்டுக்கல்லில் தங்கி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் சுமையையெல்லாம் அறையிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை சுமார் 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். சோதனைச் சாவடியில் பெயரும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று நான்கு வளைவுக்கு ஒரு முறை ஒரு காலை ஊன்றித் தண்ணீர் குடியுங்கள், உட்கார்ந்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் காற்று மாறும், வியர்வை குளிர ஆரம்பிக்கும். மேலே போனதும் ஈரச் சட்டையை மாற்ற ஒரு சட்டை எடுத்துப் போங்கள். தோட்டங்களிலிருந்து மூட்டை சுமந்து வரும் குதிரைகளைப் பார்க்கலாம். அவை மிரளாமல் இருக்க மெதுவாக, பெல் அடிக்காமல் கடந்து செல்லுங்கள். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழத்தை மலையிலேயே வாங்கிச் சாப்பிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். பொழுது சாயும் நேரம் காட்டுமாடு சாலைக்கு வரும்.

ஏற முடியவில்லை என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை. கீழேயிருந்து காய்கறி ஏற்றப் போகும் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) டிரைவரிடம் கேட்டால், இடமிருந்தால் சைக்கிளோடு ஏற்றிக்கொள்வார். இறங்கும் சுகம் மட்டும் மிச்சமிருக்கும்.

மூன்றாம் நாள் திரும்பும் வழி நிலக்கோட்டை, சோழவந்தான். கடைசி முப்பது கிலோமீட்டர் வைகைப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டு நாள் களைத்த காலுக்கு நான்கு வழிச்சாலையை விட இது எவ்வளவோ மேல்.

அதற்கு அப்பால்

சிறுமலை கைக்கு வந்த பிறகு போடிமெட்டு, மேகமலை, கொடைக்கானல் எல்லாம் எட்டும் தூரம்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேகமலை புலிகள் காப்பகப் பகுதி. இரவில் அனுமதி இல்லை, யானை நடமாட்டம் உண்டு. கிளம்பும் முன் வனத்துறையிடம் விசாரித்துவிடுங்கள். மாசி முதல் வைகாசி வரை காய்ந்த புல் எளிதில் தீப்பிடிக்கும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன எத்தனையோ பேர் உயிரிழந்ததை மறக்கவே முடியாது. அந்த மாதங்களில் தார்ச்சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை விட வேண்டாம்.

ஒவ்வொரு மலைப்பயணம் முடிந்ததும் பிரேக் கட்டையைப் பாருங்கள். கட்டையில் உள்ள பள்ளக்கோடு மறையும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் செம்மண் ஒட்டிக்கொண்டு பல் சக்கரத்தை அரித்துவிடும்.